மரவட்டை வளர்த்த வனம்

நமது ஊரின் மேற்கு எல்லையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை ஏரி என்று சொல்வதற்கில்லை. ஏரியென்றால் கரை உண்டு, மதகு உண்டு, வெட்டுவித்தவன் பெயரும் பெரும்பாலும் உண்டு. கிணறு என்றும் சொல்ல முடியாது. கிணற்றில் இறங்குவதற்குப் படியாவது இருக்கும். ஊரார் அதைச் சரளைப் பள்ளம் என்கிறார்கள். புறவழிச் சாலை போட்ட காலத்தில், சாலைக்கு அடியில் நிரப்புவதற்காக இரவு பகலாய் லாரிகள் வந்து, செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்த சரளையை வாரிக்கொண்டு போயின. சாலை முடிந்தது, லாரிகள் போயின, பள்ளம் நின்றுவிட்டது. புதுச் சாலையில் பிரயாணம் சுகமாகத்தான் இருக்கிறது. அதில் பிரயாணம் செய்கிறவர்களில் நாமும் ஒருவர். ஆகவே அந்தச் சரளையில் நமக்கும் ஒரு கூடை பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே எழுதுகிறோம்.

பள்ளம் ஆவதற்கு முன் அந்த இடத்தில் பிரமாதமான சோலை ஒன்றும் இருந்ததில்லை. ஆவாரை, சூரை, காரை, நாலைந்து பனை, மழைக்குப் பின் முழங்கால் அளவு புல், அவ்வளவுதான். ஆனால் பொங்கலுக்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறிக்கப் பெண்கள் அங்கேதான் போவார்கள். ஆடுகள் அங்கேதான் மேயும். 2014-ம் ஆண்டு ஐப்பசி மழையில் பள்ளத்தின் ஆழமான மூலையில் தண்ணீர் தேங்கிற்று. பார்வைக்குப் பச்சையாய், அமைதியாய் இருந்தது. நம்மிடம் ஏழாம் வகுப்பு வாசித்துக்கொண்டிருந்த ஒரு பையன் சனிக்கிழமை மத்தியானம் அதில் குளிக்க இறங்கினான். குளத்தில் நீந்தப் பழகியவன்தான். குளம் படிப்படியாக ஆழமாகும். இயந்திரம் வெட்டிய பள்ளம் அப்படியல்ல. இரண்டாவது அடியிலேயே தரை இல்லை. திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது அந்தப் பெயருக்கு எதிரே என்ன குறிப்பது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஊர்க் கூட்டம் கூடிற்று. பள்ளத்தை மூட வேண்டும் என்றார்கள். மூடுவதற்கு மண் வேண்டுமே. அந்த மண்ணை எடுக்க இன்னொரு பள்ளம் தோண்ட வேண்டுமே என்று ஒரு கிழவர் கேட்டதும் கூட்டம் ஓய்ந்தது. பிறகு நாமே எழுந்து, "மரம் நடுவோம்" என்றோம். உபாத்தியாயர்களுக்குத் தோன்றும் யோசனை வேறு என்ன? மறு ஆண்டு வன மகோத்ஸவ வாரத்தில் முந்நூறு கன்றுகள் வந்து இறங்கின. வேம்பு, புங்கு, மகிழம், பூவரசு எல்லாம் இருந்தன. தலைமை வகிக்க ஒருவர், மாலை போட ஒருவர், படம் பிடிக்க ஒருவர் என்று எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. பத்திரிகையில் படமும் வந்தது. பையன்கள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். தை மாதம் வரையில் கன்றுகள் நின்றன, மாசியில் மஞ்சளாயின, சித்திரையில் குச்சிகளாயின. மிச்சம் இருந்தவற்றை ஆடுகள் கவனித்துக்கொண்டன.

அடுத்த ஆண்டும் நட்டோம். மனிதனுக்குத் தோல்வியிலும் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. அதுவும் அப்படியே ஆயிற்று. "அந்த மண்ணுக்கு ராசி இல்லை" என்றார்கள் சிலர். "தண்ணீர் போதவில்லை" என்றார்கள் மற்றும் சிலர். கடைசி வரிசையில் உட்காரும் பையன் ஒருவன்தான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டான்: "பள்ளத்துக்கு மேலே யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஆவாரை முளைக்கிறதே, ஸார்! கீழே நாம் தண்ணீர் ஊற்றியும் புல்கூட முளைக்கவில்லையே, ஏன்?"

நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. நாம் கலாசாலையில் படித்தது சரித்திரம். மண்ணைப் பற்றிப் படித்ததில்லை. அந்தப் பையனுக்குப் பதில் சொல்வதற்காகப் புத்தகங்களைப் புரட்டப் போய்த்தான், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையில் மொம்பாஸா நகரத்துக்கு அருகே நடந்த ஓர் அதிசயம் நமக்குத் தெரிய வந்தது.

கென்யா தேசத்தின் துறைமுகம் மொம்பாஸா. அதற்கு வடக்கே கடலோரமாகப் பம்புரி என்று ஓர் இடம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் பவழப் பூச்சிகள் கட்டிய பாறை, கடல் விலகியபின் கரையில் தரையாகக் கிடக்கிறது. அது நல்ல சுண்ணாம்புக் கல். 1954-ல் அங்கே ஒரு ஸிமெண்டுத் தொழிற்சாலை வேலை தொடங்கிற்று. 1963-ல் கென்யா விடுதலை பெற்றது. புதிய தேசத்துக்குப் பள்ளிக்கூடங்கள், பாலங்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் வேண்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் ஸிமெண்டு வேண்டியிருந்தது. பாறையை வெட்டிக்கொண்டே போனார்கள். எதுவரையில் என்றால், அடியில் உள்ள உப்பு நீர் எட்டிப் பார்க்கும் வரையில். ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளில் அங்கே உண்டானது பள்ளம் அல்ல, வெள்ளை நிறத்தில் ஒரு பாலைவனம். மேலே பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள வெயில்; கீழே அந்த வெயிலைத் திருப்பி அடிக்கும் வெண்கல் தரை; ஓர் அங்குலம் மண் கிடையாது; தோண்டினால் உவர் நீர். நமது சரளைப் பள்ளம் இதற்கு முன் நந்தவனம் என்று சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வனத்தை உண்டாக்க முன்வந்தவர் ரெனே ஹாலர் என்பவர். ஸ்விட்ஸர்லாந்து தேசத்தவர், தோட்டக் கலையும் உஷ்ணப் பிரதேச விவசாயமும் கற்றவர். 1959-ல் அந்தத் தொழிற்சாலையில் தோட்டங்களையும் பண்ணையையும் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1971-ல் வெட்டிக் கைவிட்ட பாறைத் தரையில் மரம் வளர்க்கும் முயற்சியை ஆரம்பித்தார்.

அவர் செய்த முதல் காரியம், எந்த மரம் நல்லது என்று தாமே தீர்மானம் செய்யாததுதான். தீர்மானத்தைப் பாறையிடம் விட்டுவிட்டார். 26 வகைக் கன்றுகளைப் பாறையில் குழியிட்டு நட்டுப் பார்த்தார். அவற்றில் பிழைத்தவை மூன்றே வகை. ஒன்று தென்னை. மற்றொன்று சோமாலியா பக்கத்து வறண்ட நிலங்களில் வளரும் கோனோகார்ப்பஸ் என்னும் மரம். மூன்றாவது, நேயர்களுக்கு மிகவும் தெரிந்த நண்பர்: பந்தலுக்குக் காலாகவும், அடுப்புக்கு விறகாகவும், சாரத்துக்குக் கழியாகவும் நம் தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுகிலும் நிற்கிறதே, அந்தச் சவுக்கு மரமேதான்.

சவுக்கு ஏன் பிழைத்தது? உப்பு அதற்கு ஒரு பொருட்டல்ல என்பது ஒரு காரணம். வேரில் இருக்கிறது மற்றொரு காரணம். சவுக்கின் வேரைத் தோண்டிப் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகள் கொத்தாகத் தெரியும். அவற்றுக்குள் பிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உணவாக மாற்றித் தருவது அதன் வேலை. மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. அது மரத்துக்கு உரம் தருகிறது. வாடகையும் முன்பணமும் இல்லாத இப்படிப்பட்ட குடித்தனத்தை நகரங்களில் காண்பது அரிது. உரமே இல்லாத கல்லில் தன் உரத்தைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் மரம் பிழைப்பதில் என்ன ஆச்சரியம்? ஆனால் இந்த நுண்ணுயிர் எல்லா இடத்திலும் இருந்துவிடாது. ஆகையால் அனுபவசாலிகள் புதிய இடத்துக்குச் சவுக்குக் கன்று வளர்க்கும்போது, பழைய சவுக்குத் தோப்பின் அடிமண்ணில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து நாற்றங்காலில் கலக்கிறார்கள். பாலுக்குப் பிரை குத்துவது போல என்று நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொன்னால் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

மரங்கள் கிடுகிடுவென்று வளர்ந்தன. நிழல் விழுந்தது. அத்துடன் கதை முடிந்திருந்தால் அங்கே ஒரு சவுக்குத் தோப்பு இருந்திருக்கும், வனம் இருந்திராது. ஏனென்றால் இரண்டாவது தடை அப்போதுதான் வந்தது.

சவுக்கின் சருகு ஊசி ஊசியாகக் கீழே விழுகிறது. (இலை என்று நாம் நினைக்கும் அந்தப் பச்சை ஊசி உண்மையில் மெல்லிய கிளைதான், இலை என்பது அதன் கணுக்களில் கண்ணுக்குத் தெரியாத செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.) இந்தச் சருகில் துவர்ப்புச் சத்து அதிகம். தோல் பதனிடுவதற்குப் பயன்படும் சத்து எதுவோ அதே இனம். தோலையே அழுகாமல் காக்கும் வஸ்து சருகை எளிதில் அழுக விடுமா? சருகு மக்கவில்லை, காய்ந்த மெத்தையாகக் குவிந்துகொண்டே போயிற்று. மண் உண்டாகவில்லை. மண் உண்டாகாவிட்டால் வேறு செடி வராது. ரஸாயனத்தைக் கொட்டலாம், வெளியிலிருந்து வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து நிரப்பலாம். ஆனால் ஹாலர் குனிந்து தரையைப் பார்த்தார்.

அவர் கண்டது ஒரு மரவட்டை.

நம் ஊர்க் குழந்தைகள் ரயில்பூச்சி என்று அழைத்து, தொட்டுச் சுருட்டி விளையாடும் அதே ஜாதிதான். ஆனால் அந்தக் கரையில் உள்ளது நம் விரலைவிட நீளமானது. உடம்பு கறுப்பு, கால்கள் சிவப்பு. ஸ்வாஹிலி மொழியில் அதற்கு ஜோங்கோ என்று பெயர். யாரும் சீந்தாத சவுக்குச் சருகை அது சாவகாசமாக மென்று தின்பதை அவர் கவனித்தார். உடனே மரவட்டைகளைச் சேகரித்துக் கொண்டுவந்து தோப்புக்குள் விட்டார். வேறு எவராவது இப்படிச் செய்திருந்தால், வேலைக்கு வந்த இடத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முதலாளிகள் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்!

மரவட்டை தின்பதில் பெரும் பகுதி அதன் உடம்பில் ஒட்டுவதில்லை. நொறுங்கிப் பொடியாகி, சிறு உருண்டைகளாக வெளியே வந்துவிடுகிறது. ஆனால் உள்ளே போன சருகு வேறு, வெளியே வந்த உருண்டை வேறு. அரைபட்டு ஈரமான அந்த உருண்டையின் மேல் நுண்ணுயிர்களும் காளான்களும் ஏறிக் குடியேறுகின்றன. சருகின்மேல் செல்லாத அவற்றின் அதிகாரம் இங்கே செல்லுகிறது. உருண்டை மக்குகிறது, மக்கியது மண்ணாகிறது. மேலும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். மரவட்டையின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் இறுகுவது. எந்தச் சுண்ணாம்பு தரையைப் பாலைவனம் ஆக்கியதோ, அதுவே இந்தப் பிராணிக்குக் கவசமாயிற்று.

ஆயிரங்கால் என்று நூல்கள் கூறும் மரவட்டைக்கு உண்மையில் ஆயிரம் கால் இருந்ததில்லை. சில நூறோடு சரி. ஆயிரத்தைத் தாண்டிய ஒன்றை விஞ்ஞானிகள் 2021-ல்தான் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் கால்கள் 1,306. கிடைத்த இடம், மேற்கு ஆஸ்திரேலியாவில் கனிமம் தேடுவதற்காகத் துளைத்த ஒரு துளையில், தரைக்குக் கீழே 60 மீட்டர் ஆழத்தில். மனிதன் தோண்டுகிற இடத்தில் எல்லாம் இந்தப் பிராணி ஏதோ ஒரு விதத்தில் வந்து சேர்ந்துகொள்ளுகிறது.

நிற்க. பம்புரியில் மண் உண்டாகத் தொடங்கியதும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சவுக்கின் நிழலில் அந்தக் கரைக்கே உரிய நாட்டு மரங்களை நட்டார்கள். நாளடைவில் அவை நூற்றுக்கு மேற்பட்ட வகைகளாயின. பறவைகள் தாமே விதை கொண்டுவந்து போட்டன. உவர் நீர் தேங்கிய இடங்களைக் குளங்களாக்கி மீன் வளர்த்தார்கள். மீன் இருக்கும் இடத்துக்குக் கொக்கும் நாரையும் வந்தன. புல் வளர்ந்த இடத்தில் மான் இனங்களை விட்டார்கள். உயர்ந்த மரத்தை மேய ஒட்டகச் சிவிங்கி வந்தது. முதலையும் நீர்யானையும்கூட வந்தன. சவுக்கு மரங்களை வெட்டிக் கழியாகவும் விறகாகவும் விற்றார்கள். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சவுக்கு அங்கே எஜமானன் அல்ல, செவிலித்தாய். குழந்தை நடக்கத் தொடங்கியதும் செவிலி விலகிக்கொள்ள வேண்டும். விலகாமல் நின்றால், அது வனம் ஆகாது.

1984-ல் அந்த இடத்தைப் பொது ஜனங்கள் பார்க்கத் திறந்து விட்டார்கள். 1987-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் ஹாலருக்குக் கௌரவம் அளித்தது. பின்னர் அந்த வனத்துக்கே ஹாலர் பூங்கா என்று பெயர் ஏற்பட்டது. 2004-ம் ஆண்டு டிஸம்பர் 26-ல் நம் கரையைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை கென்யாவின் கரையையும் தொட்டபோது, தாயைப் பிரிந்து கடலில் தத்தளித்த ஒரு நீர்யானைக் கன்றை மறுநாள் மீட்டு அந்தப் பூங்காவில் கொண்டுவந்து விட்டார்கள். ஓவென் என்று அதற்குப் பெயர். அங்கே சுமார் 130 வயதான ஒரு கிழட்டு ஆமை இருந்தது. கன்று அந்த ஆமையைத் தாயாகப் பாவித்து, அதன் பக்கத்தில் படுத்து, அதன் பின்னாலேயே போக ஆரம்பித்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. குழந்தைகளுக்கான புத்தகங்களும் வெளிவந்தன. ஆமைக்கும் நீர்யானைக்கும் கிடைத்த கீர்த்தி மரவட்டைக்குக் கிடைக்கவில்லை என்பதில் நமக்குச் சிறிது வருத்தம்தான். உபாத்தியாயர்களுக்கு இந்த வகையான வருத்தம் இயற்கை.

"ஸிமெண்டுக் கல் வெட்டிய கதையைச் சொல்லுகிறீர், சரளைப் பள்ளத்துக்கு இது பொருந்துமா?" என்று கேட்கும் நேயர்கள் இருக்கலாம். சரளைப் பள்ளத்திலேயே நடந்த காரியம் ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவில் ஸெவனோக்ஸ் என்ற ஊருக்கு அருகே நீர் நிறைந்த சரளைப் பள்ளங்கள் இருந்தன. ஜெப்ரி ஹாரிஸன் என்ற வைத்தியர் 1956-ல் தொடங்கி அவற்றைக் காட்டு வாத்துகளின் சரணாலயமாக மாற்றினார். வாத்துக்கு எது பிடிக்கும் என்று வாத்தையா கேட்க முடியும்? வேட்டையில் விழுந்த வாத்துகளின் இரைப்பையை அறுத்து, உள்ளே இருந்த விதைகளைப் பரிசோதித்து, அந்தச் செடிகளையே தேடிக் கரையில் நட்டார். வைத்தியர் அல்லவா? நாடி பிடித்துப் பார்த்த பிறகே மருந்து கொடுத்தார். அவர் நட்டவற்றுள் ஆல்டர் என்று ஒரு மரம். அதன் விதை வாத்துக்கு உணவு. அதன் வேரிலும் முடிச்சுகள் உண்டு. அவற்றுள் குடியிருப்பதும் சவுக்கின் வேரில் இருக்கிற பிராங்கியா இனமேதான். குளிர் தேசத்திலும் வெப்ப தேசத்திலும் ஏழை நிலத்துக்குக் கைகொடுப்பது ஒரே நுண்ணுயிர்க் குடும்பம்!

நம் தேசத்திலும் இது புதிதல்ல. இமயமலைச் சாரலில் டேராடூன், முஸ்ஸூரி மலைகளைச் சுண்ணாம்புக் கல்லுக்காக வெட்டிச் சீரழித்திருந்தார்கள். 1983-ல் அவ்வூர் ஸ்தாபனம் ஒன்று எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று சுப்ரீம் கோர்ட்டு விசாரித்தது. 1985-லும் 1988-லும் பிறந்த உத்தரவுகளால் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு முன்பே, 1982-ல், ஓய்வு பெற்ற போர்வீரர்களைக் கொண்டு மரம் நடுவதற்கென்றே பிரதேச ராணுவத்தில் ஒரு படைப்பிரிவு அமைக்கப்பட்டு, அந்த மலைகளில் வேலை செய்தது. எல்லையைக் காத்த கைகள் மண்ணைக் காக்க மண்வெட்டி பிடித்தன.

இனி, பையனின் கேள்விக்கு வருவோம். பள்ளத்துக்கு மேலே இருப்பது மண். கீழே இருப்பது சரளை. மண் என்பது பொடித்த கல் அல்ல. ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் கோடிக் கணக்கான உயிர்கள் இருக்கின்றன. பூமியின் மேல் சில அங்குலத்துக்கே அவை வாழ்கின்றன. சரளை எடுக்கிறவர்களுக்கு அந்தச் சில அங்குலம் குப்பை; அதைத்தான் முதலில் வழித்து எறிகிறார்கள். பிறகு லாரிச் சக்கரங்கள் ஓடி ஓடி அடித்தரை சிமெண்டுத் தளம் போல இறுகிவிடுகிறது. தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. அதில் ஓர் அடிக் குழி தோண்டி நாம் கன்று நட்டது, தொட்டியில் நட்டது போலத்தான். தொட்டி நிறைந்தவரை வேர் ஓடிற்று, பிறகு திரும்பிக்கொண்டது. இரண்டு ஆண்டும் நாம் செய்த காரியம், தோலை உரித்த உடம்பில் மயிர் நட்டது. ராசியின் பேரில் பழி போட்டது அநியாயம்.

வழித்த மேல்மண்ணை ஒரு பக்கமாகக் குவித்து வைத்திருந்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பியிருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்திருக்கும். அதற்குப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. வீடு வேய்கிறவன் பழைய ஓட்டை அடுக்கி வைக்கிற புத்தி போதும். ஆனால் 1957-ம் ஆண்டுச் சட்டம் சரளையைச் சிறு கனிமம் என்று வகுத்து, அதற்கு விதி செய்யும் பொறுப்பை மாநில அரசாங்கங்களிடம் விட்டது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த பள்ளங்களுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2012 பிப்ரவரியில். சிறு கனிமம் என்ற பெயரைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. எங்கள் பள்ளத்தின் ஆழம் சிறிதல்ல.

மற்றொரு சந்தேகமும் நமக்கு உண்டு. பம்புரியின் கதையைச் சொல்லி, "பார்த்தீர்களா, எவ்வளவு தோண்டினாலும் வனமாக்கி விடலாம்" என்று ஒருவர் வாதிக்கக் கூடும். ஹாலருக்குச் சம்பளம் கொடுக்கத் தொழிற்சாலை இருந்தது. இடம் அவர்களுடையது, ஆட்கள் இருந்தார்கள், பல ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமை இருந்தது. நம் ஊர்ப் பள்ளங்களுக்கு இவற்றில் எது இருக்கிறது? யாருடைய பள்ளம் என்று கேட்டால்கூட நேரான பதில் வருவதில்லை. மேலும் அங்கே பிறந்தது புதிய வனம். வெட்டுவதற்கு முன் இருந்த பழைய காடு திரும்பி வந்துவிடவில்லை. ஆறிய புண் வேறு, படாத உடம்பு வேறு.

2018-ல் மூன்றாவது முறையாகப் பள்ளத்தில் இறங்கினோம். இந்தத் தடவை தலைமையும் இல்லை, மாலையும் இல்லை. முதல் ஆண்டு ஒரு மரமும் நடவில்லை. ஆழமான மூலையைச் சுற்றி முள்வேலி போட்டோம். செங்குத்தான கரையை, ஒரு டிராக்டர்க்காரர் வாடகை வாங்காமல் சரிவாக்கிக் கொடுத்தார். தரையையும் ஆழக் கீறிவிட்டார். பிறை வடிவில் சிறு வரப்புகள் கட்டினோம். ஏரி வண்டல் இரண்டு வண்டி கிடைத்தது. பள்ளிக்கூடத்து வேப்பஞ் சருகு, அரிசி ஆலை உமி, கல்யாண மண்டபத்து வாழை இலை எல்லாம் பள்ளத்துக்குப் போயின. மழை விழுந்ததும் கொழிஞ்சி, சணப்பு, ஆவாரை விதைகளை இறைத்தோம். கொழிஞ்சி முளைத்த அன்று பையன்கள் போட்ட கூச்சலைக் கேட்டு, யாரோ விழுந்துவிட்டார்கள் என்று எண்ணி ஊர் ஓடி வந்தது.

அடுத்த மழைக்குச் சவுக்குக் கன்று நட்டோம். கடற்கரையில் உள்ள நம் மைத்துனர் வீட்டுத் தோப்பிலிருந்து ஒரு சாக்கு அடிமண் பஸ்ஸில் வந்தது. "இதற்கும் டிக்கட்டா?" என்று கண்டக்டரிடம் வாதாட வேண்டியிருந்தது. ஆடுகளைப் பற்றிக் கவலையாக இருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டோம். அந்தப் பையனின் வீட்டாரிடம் மட்டும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் 2014-லிருந்தே தங்கள் ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டியதில்லை.

இரண்டு மழையில்லா மாதங்களில் கன்றுகள் சில போயின. பாதிக்கு மேல் நின்றன. அவற்றின் நிழலில் வெள்வேலும் புங்கும் பிறகு வைத்தோம். மேட்டில் இருந்த சூரை, கேட்காமலே சரிவில் இறங்கி வந்தது. ஒரு மூலையில் ஒன்றுமே முளைக்கவில்லை. ஏன் என்று இன்னும் விளங்கவில்லை. சென்ற ஐப்பசியில் ஒரு நாள் முதல் மணி அடித்ததும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிற்றுண்டிப் பெட்டியுடன் நம் மேஜைக்கு வந்தாள். அவள் விரல்களில் மஞ்சள் கறை.

"பள்ளத்துச் சவுக்குச் சருகுக்கு அடியிலே இருந்தது, ஸார்" என்று பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. மொம்பாஸா மரவட்டை அல்ல. நம் ஊர்ச் சாதாரண மரவட்டை, சுண்டு விரலுக்கும் சிறியது. வகுப்பு முழுவதும் மேஜையைச் சூழ்ந்துகொண்டது. பத்து நிமிஷம் பாடம் நடக்கவில்லை. பிறகு, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வரும்படி அவளை அனுப்பினோம். துணைக்கு இருவரைக் கூப்பிட்டதற்குப் பதினைந்து பேர் எழுந்து நின்றார்கள்.